வக்காலத்துத் தாளின் பின்பக்கம்

அந்த யோசனை எனக்கு வந்தது, விக்கிரவாண்டி தாண்டிப் பஸ் திடீரென்று பிரேக் போட்டபோது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த யாரோ ஓர் அம்மாவின் வயர் கூடை சரிந்து என் காலடியில் கொட்டியது. டிபன் பாக்ஸ், குடை, நாடா கட்டிய காகிதக் கட்டு இரண்டு, எல்லாவற்றுக்கும் அடியில் உள்பக்கம் வெளியே தெரிய மடித்து வைத்த ஒரு கறுப்புக் கோட்டு. குனிந்து எடுத்துக் கொடுத்தேன். கோட்டின் மடிப்பிலிருந்து ஒரு வெள்ளைக் கழுத்துப் பட்டை நழுவியது. அதையும் எடுத்துக் கொடுத்தேன். "தேங்க்ஸ்ம்மா" என்று வாங்கிக்கொண்டு, யாராவது பார்த்தார்களா என்பதுபோல் பின்சீட்டைத் திரும்பிப் பார்த்துவிட்டு, அவசரமாக உள்ளே திணித்தார்.

வக்கீல். சேலை கட்டிய வக்கீல். விழுப்புரத்திலிருந்து கிளம்பிய பஸ்ஸில், மூன்று பேர் சீட்டில், என் தோளை இடித்துக்கொண்டு.

அதுவரைக்கும் எனக்குத் தெரிந்த உத்தியோகக்காரப் பெண்கள் மூன்றே வகை. டீச்சர், நர்ஸ், டைப்பிஸ்ட். நான் இந்த வருஷம்தான் பி.ஏ. முடித்திருந்தேன். சட்டம் படிக்கப்போகிறேன் என்று கல்லூரியில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேனே தவிர, சட்டம் படித்த ஒரு பெண்ணை நேரில் பார்த்ததில்லை. இதோ இருக்கிறார். எப்படி வக்கீல் ஆனீர்கள் என்று இவரையே கேட்டுவிடலாம். அவ்வளவுதான் யோசனை.

திண்டிவனம் வர முக்கால் மணி நேரம் இருந்தது. கேட்க வேண்டிய வாக்கியத்தை மனதுக்குள் அடுக்கினேன். "மேடம், ஒரு நிமிஷம்" என்று ஆரம்பிப்பதா, "அக்கா" என்பதா? அதை முடிவு செய்வதற்குள் கூட்டேரிப்பட்டு போய்விட்டது. கேட்டு, அவர் "உனக்கெதுக்கும்மா இதெல்லாம்" என்று சொல்லிவிட்டால்? முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்துவிட்டால்? நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே திண்டிவனம் வந்து, அவர் இறங்கி, ரோட்டைத் தாண்டி கோர்ட் இருக்கும் பக்கம் நடந்து மறைந்தார். நான் கேட்காமலே அத்தை வீட்டுக்குப் போனேன்.

வீட்டுக்குத் திரும்பியதும் சட்டக் கல்லூரி விண்ணப்பத்தை அப்பா முன்னால் வைத்தேன். காப்பாளர் கையெழுத்து என்று ஒரு கட்டம் இருந்தது. அப்பா நிலத்திலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். எங்களுக்குக் கெடாரில் மூன்று ஏக்கர், ஒரு கிணறு. பரம்பரைச் சொத்து. ஆவணியில் எனக்குக் கல்யாணம் என்று ஏற்கெனவே பேச்சு இருந்தது. திருவாமாத்தூர் பக்கத்திலிருந்து ஒரு வீட்டார் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள்.

அப்பா விண்ணப்பத்தைத் தொடவில்லை. ஈரக் கையை வேட்டியில் துடைத்தபடி சொன்னார்.

"நம்ம பக்கத்துல இத படிச்சிட்டு, கோர்ட்டுக்கும் போய்க்கினு, குடும்பமும் பண்ணிக்கினு இருக்கற ஒரே ஒரு பொண்ண காட்டு. நான் கையெழுத்து போடறேன்."

அவர் அதை ஒரு மறுப்பாகத்தான் சொன்னார். காட்ட முடியாது என்று நினைத்துத்தான் சொன்னார். எனக்கோ பஸ்ஸில் சரிந்த கூடை கண்முன் வந்தது. விண்ணப்பம் போய்ச் சேர மூன்று வாரம் இருந்தது.

*

அத்தையைப் பார்க்கப் போகிறேன் என்று பொய் சொல்லித்தான் மறுபடி திண்டிவனம் போனேன். பெண்ணுக்கும் பரம்பரைச் சொத்தில் பங்கு உண்டு என்று இந்த வருஷம்தான் சட்டம் வந்திருந்தது. பேப்பரில் படித்திருந்தேன். ஆனால் அதற்கும் நான் கோர்ட்டுக்குப் போவதற்கும் ஒரு சம்பந்தம் வரும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இவ்வளவு படித்தும் அது தோன்றவில்லை பாருங்கள், அதுதான் என் தப்பு.

கோர்ட் வளாகத்துக்குள் போனேன். புளியமரத்தடியில் நாலைந்து டைப்ரைட்டர்கள் ஒரே நேரத்தில் தட்டிக்கொண்டிருந்தன. கூட்டம் கூட்டமாக ஜனங்கள். எல்லோரும் யாரையோ எதிர்பார்த்து நிற்கும் முகம். எதற்கும் சம்பந்தமில்லாமல் வந்தவள் நான் ஒருத்திதான் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டதுபோல் இருந்தது. காதில் பேனா செருகிய ஒரு குமாஸ்தாவிடம் அந்த அம்மாவின் அடையாளத்தைச் சொன்னேன்.

"லேடி வக்கீலா? கேட்டுச் சொல்றேன். இன்னா கேஸு? சொத்துல பாகமா, ஜீவனாம்சமா?"

"கேஸ் இல்லீங்க. சும்மா பாக்கணும்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மொதோ மொதோ வர்றவங்க எல்லாம் அப்படித்தாம்மா சொல்லுவாங்க. வெக்கப்படாத. பாகம்னு வெச்சிக்கலாம்" என்று தன் நோட்டில் என்னமோ எழுதிக்கொண்டார். என்ன எழுதினீர்கள் என்று கேட்காமலே நகர்ந்தேன்.

அந்த நேரத்தில்தான் பெரியப்பாவைப் பார்த்தேன். அப்பாவின் அண்ணன். அவர் மாமனார் ஊர் கிளியனூர். அங்கே ஒரு வரப்புத் தகராறு கோர்ட்டில் நடந்துகொண்டிருந்தது எனக்குத் தெரியும். அது இன்றைக்கா வர வேண்டும்? வெற்றிலைக் கடையருகே நின்று யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். அவர் தலையைத் திருப்பினால் நான் கண்ணில் படுவேன். ஓடுவதற்கு வேறு இடம் தெரியாமல், திறந்திருந்த கதவுக்குள் நுழைந்தேன். அது கோர்ட் ஹால்.

கடைசி பெஞ்சில் ஒட்டிக்கொண்டேன். மேலே நீதிபதி. கீழே ஆண்களாக ஒரு கறுப்புக் கூட்டம். நடுவில் பஸ்ஸில் பார்த்த அந்த அம்மா.

அவருடைய சீனியர் வக்கீல் அன்று வரவில்லை. வாய்தா கேட்க இவரை அனுப்பியிருந்தார். வழக்கை இன்னொரு நாளைக்குத் தள்ளிவைக்கக் கேட்பது, அவ்வளவுதான் வேலை. கேஸ் நம்பர் கூப்பிட்டதும் எழுந்தார். வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. நீதிபதி காதைச் சாய்த்தார். "சத்தமாச் சொல்லுங்கம்மா." மறுபடி ஆரம்பித்து, "சீனியர்" என்ற சொல்லோடு நின்றுவிட்டார். பின்னால் யாரோ சிரித்தார்கள். எனக்கு எழுந்து ஓடிவிட வேண்டும்போல் இருந்தது. அவருக்காகவா எனக்காகவா என்று தெரியவில்லை.

குனிந்தபோதுதான் அதைக் கவனித்தேன். சேலைக் கரைக்குக் கீழே, அவருடைய இடது கால் வலது கால் விரல்களை மிதித்து அழுத்திக்கொண்டிருந்தது. விரல்கள் வெளுத்துப் போயிருந்தன. அப்படி மிதித்துக்கொண்டு மூன்றாவது தடவை முதலிலிருந்து சொன்னார். குரல் நடுங்கிக்கொண்டேதான் வந்தது. ஆனால் முழுசாக வந்தது. வாய்தா கிடைத்தது. அவர் வணங்கிவிட்டு உட்கார்ந்தார்.

நான் தேடி வந்த ஆள் இவர்தானா? நான் மனதில் செய்து வைத்திருந்த வக்கீல் மேஜையைத் தட்டிப் பேசுகிறவர். ஏமாந்துபோன மாதிரியும் இருந்தது, பெரிய பாரம் இறங்கின மாதிரியும் இருந்தது.

*

மத்தியானம் அந்த அம்மா டைப் அடிக்கும் கொட்டகையின் பின்னால், சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பெண்களுக்கென்று தனி அறை அங்கே இல்லை. பெரியப்பா போய்விட்டாரா என்று நாலு பக்கமும் பார்த்துக்கொண்டு பக்கத்தில் போனேன். குமாஸ்தா அதற்குள் சொல்லியிருக்கிறார்.

"வாம்மா. எந்த ஊரு? யாரு மேல கேஸு, அண்ணன் மேலயா?"

"கேஸ் இல்லீங்க்கா." அக்கா என்று வந்துவிட்டது. "நீங்க எப்படி வக்கீல் ஆனீங்கன்னு கேக்க வந்தேன்."

வாயருகே போன கை நின்றது. என்னை நிமிர்ந்து பார்த்தார். முப்பது வயசுகூட இருக்காது என்று அப்போதுதான் கண்டேன்.

"காலையில உள்ள இருந்தியா?"

"இருந்தேங்க்கா."

"பாத்துமா கேக்கற?" சிரித்தார். "தெகிரியசாலின்னு நெனச்சி வந்திருப்ப. தப்பான ஆளாண்ட வந்துட்ட. எனக்கு இது நாலாவது வருஷம். இன்னும் காலையில பஸ் ஏறும்போதே வயிறு கலக்கிக்கினுதான் வரும். வேற யாரையாவது போய்ப் பாரு. நல்லா பேசறவங்க இருக்காங்க."

"வேணாங்க்கா. எனக்கும் வயிறு கலக்கும்" என்றேன்.

எங்கிருந்து அது வந்ததோ தெரியாது. அவர் டிபன் பாக்ஸை மூடிவிட்டு, இன்னும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து இடம் விட்டார். நான் அடுக்கடுக்காகக் கேட்டேன். ஹாஸ்டல் கிடைக்குமா, எத்தனை பெண்கள் படித்தார்கள், முதல் நாள் என்ன ஆனது, வீட்டில் எப்படி ஒத்துக்கொண்டார்கள். தன் மாமியார்தான் கோட்டுக்கு இஸ்திரி போட்டுத் தருகிறார் என்றார். ஆனால் தெருவில் யாரும் பார்க்காமல் இருக்க, மடித்துக் கூடைக்கு அடியில் வைத்தும் தருகிறார் என்றார். அதைச் சொல்லிச் சிரித்தார்.

விண்ணப்பத்தோடு என்னென்ன வைக்க வேண்டும் என்று கேட்டபோது எழுதித் தரத் தாள் தேடினார். கூடையிலிருந்து கைக்கு வந்ததைக் கிழித்து, பின்பக்கம் எழுதினார். மதிப்பெண் பட்டியல். டி.சி. சாதிச் சான்றிதழ். கடைசியாக, அப்பா கையெழுத்து என்று எழுதி அதன் கீழே இரண்டு கோடு போட்டார். "எல்லாம் இருந்தாலும் இது இல்லன்னா ஒண்ணும் நடக்காது. இத மொதல்ல வாங்கிடு."

என் அப்பா சொன்ன நிபந்தனையைச் சொன்னேன். தன்னைக் காட்டினால் அவர் கையெழுத்துப் போட மாட்டார், இருந்த மனசும் போய்விடும் என்றார். "உங்கப்பா வந்து நான் வாய்தா கேக்கறத பாத்தா, அன்னிக்கே உனக்குத் தாலி கட்டிடுவாரு." சொல்லிவிட்டு, "வந்தா வரட்டும். கூட்டிக்கினு வா" என்றும் சொன்னார்.

தாளை நாலாக மடித்து நோட்டுப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். முன்பக்கம் என்ன அச்சடித்திருக்கிறது என்று நான் பார்க்கவே இல்லை.

*

எனக்கு முன்னால் பெரியப்பாவின் பேச்சு வீட்டுக்கு வந்திருந்தது. அவர் என்னைப் பார்த்திருக்கிறார். குமாஸ்தாவிடம் விசாரித்தும் இருக்கிறார். ரெண்டு நாள் வீட்டில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. நான் உள்ளே வந்தால் பேச்சு நின்றது. கூடப்பிறந்த அண்ணன் என் எதிரில் சாப்பிட உட்காரவில்லை. ஏன் என்று புரியாத அந்த ரெண்டு நாள்தான் மோசம். பொய் சொல்லிப் போனது தெரிந்துவிட்டது என்று மட்டும் நினைத்துக்கொண்டு, எப்போது அடி விழும் என்று காத்திருந்தேன்.

மூன்றாம் நாள் பிற்பகல். ஆடிப் பட்டத்துக்கு விதை மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உடைத்துக்கொண்டிருந்தோம். அப்பா, அம்மா, நான் மூன்று பேரும் கூடத்தில் முறத்தைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். விதைக்கு உடைப்பதென்றால் பருப்பின் மேல்தோல் கிழியக்கூடாது, முளைப்பு கெடும். அதனால் எல்லோரும் குனிந்தே இருந்தோம். அண்ணன் என் நோட்டுப் புத்தகத்தோடு உள்ளேயிருந்து வந்தான். மடித்த தாளைப் பிரித்து அப்பாவின் முன்னால் போட்டான்.

அப்போதுதான் நானும் அதன் முன்பக்கத்தைப் பார்த்தேன். வக்காலத்து. எனக்காக வாதாட இந்த வக்கீலை நியமிக்கிறேன் என்று கட்சிக்காரர் கையெழுத்துப் போடும் தாள். வாதி என்று ஒரு கோடிட்ட இடம், பிரதிவாதி என்று ஒரு கோடிட்ட இடம். இரண்டும் காலியாக இருந்தன.

"யாரு பேரு எழுதப்போற இங்க?" அண்ணன் பிரதிவாதியைத் தொட்டுக் காட்டினான். "என் பேரா, அப்பா பேரா?"

நான் தாளைத் திருப்பிப் போட்டேன். பின்பக்கம் பாருங்கள், இது கல்லூரிக்கு வேண்டிய லிஸ்ட் என்றேன். அவன் கடைசி வரியைப் படித்தான். அப்பா கையெழுத்து. கீழே இரண்டு கோடு. அவன் முகம் செத்துப்போயிற்று.

"பாருப்பா, பாகத்துக்கு உன் கையெழுத்து வாங்கணுமாம். அந்த வக்கீலு ரெண்டு கோடு போட்டுக் குடுத்திருக்கா."

அவன் கோபத்தில் கத்துவான் என்று நினைத்தேன். கத்தவில்லை. டீக்கடையில் எல்லோரும் சொல்கிறார்களாம், கல்யாணமாகாத பெண்ணுக்குத்தான் பங்காம், ஆனவளுக்குக் கிடையாதாம், அதனால்தான் நான் படிப்பைச் சாக்கு வைத்துக் கல்யாணத்தைத் தள்ளுகிறேனாம். நான் நினைத்தே பார்க்காத ஒரு கணக்கு, எவ்வளவு ஒழுங்காகப் பொருந்துகிறது! அதுதான் என்னைக் குலைநடுங்க வைத்தது. வெளியிலிருந்து பார்த்தால் நானே நம்பியிருப்பேன்.

அப்பா ஒரு மல்லாட்டையை எடுத்தார். உடைக்கவில்லை. விரலில் உருட்டிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"எவ்ளோம்மா கேக்கப்போற? கெணத்தோட சேத்தா?"

இதைவிட அவர் என்னை அடித்திருக்கலாம். நான் பிறந்ததிலிருந்து எனக்கு அவரிடம் பயம். அவருக்கு என்னிடம் பயம் வரும் என்று எனக்குத் தெரியாது. அந்தக் குரலில் இருந்தது பயம்தான். ஊரில் கடன் கொடுத்தவனிடமோ அதிகாரியிடமோ பேசுகிற குரல். என்னிடம்.

அம்மாதான் பேசினாள். "ஏன், கேட்டா இன்னா? எங்கப்பன் ஊட்ல எனக்கு ஒரு வரப்புகூட இல்ல. சட்டம் போட்டவன் என் கல்யாணத்துக்கு முன்னாடி போட்டிருக்கக்கூடாதா?" சொல்லிவிட்டு மறுபடி மல்லாட்டை உடைக்கத் தொடங்கிவிட்டாள்.

பிறகு அண்ணன் ஒரு வழி சொன்னான். விடுதலைப் பத்திரம். சொத்தில் எனக்குப் பங்கு வேண்டாம் என்று நான் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட வேண்டும். போட்டால் அப்பாவும் விண்ணப்பத்தில் போடுவார். போடாவிட்டால் ஆவணியில் கல்யாணம். "நீ ஒரு கையெழுத்து, அவுரு ஒரு கையெழுத்து. பேஜாரே இல்ல" என்றான். மாதிரி ஒன்றைப் பெரியப்பா ஏற்கெனவே எழுதி வாங்கிக் கொடுத்திருந்தார்.

பேனா முறத்தின் ஓரத்தில் இருந்தது. உண்மையைச் சொல்கிறேன், எடுத்துப் போட்டுவிடலாம் என்றுதான் இருந்தது. நிலத்தை நான் கேட்டேனா? இல்லை. படிப்பைத்தானே கேட்டேன்? ஆனால் படிக்காமலே கையெழுத்துப் போடுவதற்கா வக்கீலுக்குப் படிக்கப்போகிறேன் என்று ஒரு பக்கம். போடமாட்டேன் என்றால், அவர்கள் நினைத்தது சரி என்று ஆகிவிடும், அது ஒரு பக்கம். மூன்று பேரும் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எழுந்து நின்றேன். ஏன் எழுந்தேன் என்று தெரியாது. பேச வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. இடது காலைத் தூக்கி வலது கால் விரல்களை மிதித்தேன். நன்றாக வலித்தது.

"ப்பா, எனக்கு வாய்தா வேணும்."

"இன்னாது?"

முதலிலிருந்து சொன்னேன். "வாய்தா வேணும். திங்கக்கிழம வரைக்கும். அந்தக் காகிதத்த நான் படிக்கணும். நீ கேட்ட மாதிரி ஒரு பொண்ண காட்டறேன், நீயே வந்து பாரு. அதுக்கப்புறம் யார் எதுல கையெழுத்து போடணுமோ போடலாம்."

குரல் அசிங்கமாக நடுங்கியது. அண்ணன் என்னமோ சொல்ல வந்தான். அப்பா கையைக் காட்டி நிறுத்தினார். என் காலைப் பார்த்தாரோ, முகத்தைப் பார்த்தாரோ. உருட்டிக்கொண்டிருந்த மல்லாட்டையை உடைத்து, பருப்பை விதைக் கூடையில் போட்டார்.

"திங்கக்கிழம எத்தினி மணி பஸ்ஸு?"

*

இதை எழுதுவது ஞாயிற்றுக்கிழமை காலை. விடுதலைப் பத்திர மாதிரியை இதுவரைக்கும் ஒன்பது தடவை படித்துவிட்டேன். பாதி புரிகிறது. கல்யாணம் ஆகிவிட்டால் என் பங்கு போய்விடுமா என்று எனக்கே தெரியவில்லை. டீக்கடைக்காரர்களுக்குத் தெரிந்ததுகூட எனக்குத் தெரியவில்லை. அவர்களுக்குத் தெரிந்தது சரியா என்றும் தெரியவில்லை. தெரிந்துகொள்ளவும் பயமாக இருக்கிறது. பங்கு போகாது என்று நாளைக்கு அந்த வக்கீல் அம்மா சொல்லிவிட்டால், பக்கத்தில் அப்பா உட்கார்ந்திருப்பார். மறுபடி அந்தக் குரலில் என்னிடம் பேசுவாரோ?

அந்த அம்மாவுக்கு நாங்கள் வருவது தெரியாது. நாளைக்கு அவருக்கு வழக்கு இருக்கிறதா, சீனியர் வருவாரா, மறுபடி எழுந்து நின்று குரல் எழும்பாமல் திண்டாடுவாரா, ஒன்றும் தெரியாது. அப்பா எப்படிப்பட்ட ஒருத்தரை எதிர்பார்த்து வருகிறார் என்பதும் தெரியாது. மேஜையைத் தட்டுகிறவரையாக இருக்கும். நடுங்குகிறவரைத்தான் நான் காட்டப்போகிறேன்.

பையில் இரண்டு காகிதமும் வைத்துவிட்டேன். விண்ணப்பம் ஒன்று, பத்திர மாதிரி ஒன்று. வக்காலத்துத் தாளையும் வைத்திருக்கிறேன், அண்ணன் கசக்கியதை நீவி. விழுப்புரத்தில் ஆறே முக்கால் பஸ்ஸைப் பிடித்தால் கோர்ட் தொடங்குவதற்கு முன்னாலேயே போய்விடலாம். கோர்ட் ஹாலில் அப்பாவை முன் பெஞ்சில் உட்கார வைக்கப்போகிறேன், அந்த அம்மாவின் கால் தெரிகிற இடமாகப் பார்த்து. மத்தியானம் அந்தக் கொட்டகைக்குப் பின்னால் பத்திர மாதிரியை அவரிடம் கொடுத்து, அப்பா எதிரிலேயே, சத்தமாக, "அக்கா, இதுல நான் கையெழுத்து போடலாமா?" என்று கேட்கப்போகிறேன். விடிந்ததிலிருந்து சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இன்னும் "அக்கா"வுக்கு அப்புறம் நின்றுவிடுகிறது.